முப்பது வயது வரை காத்திருக்க முடியாத இதயங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29 உலக இதய நாள். அன்று கடற்கரையில் நடைப்பயணம் நடக்கிறது, மருத்துவமனைகளில் இலவச முகாம் போடுகிறார்கள். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். அன்று சிவப்பு ரிப்பன், உறுதிமொழி, மாணவர் பேரணி. இந்த இரண்டு நாள்களிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு கூட்டம் கடலூரிலும் புதுச்சேரியிலும் வாழ்கிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து எச்.ஐ.வி. பெற்று, மாத்திரையோடு வளர்ந்து, இன்று இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கிறவர்கள் அவர்கள். வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், வைரஸ் இல்லாத குழந்தைகளைப் பெற்றெடுக்கிறார்கள். பிழைப்பார்களா என்று பேசிய காலம் போய்விட்டது. இனி அவர்கள் அறுபது, எழுபது வயது வரை நலமாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பேச வேண்டும். அந்தப் பேச்சில் முதலில் வர வேண்டியது இதயம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தொற்றா நோய்களைக் கண்டறியும் தேசியத் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை 40 வயதில் தொடங்கி 74-இல் முடிகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பயன்படுமா என்று இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வும் 40 முதல் 75 வயதுக்காரர்களைத்தான் சேர்த்தது. 2023-இல் வெளியான அதன் முடிவு மகிழ்ச்சியானது. தினமும் 4 மி.கி. பிட்டாவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. ஆனால் 1996-இல் தொற்றோடு பிறந்த ஒருவர் இந்த மூன்று கதவுகளுக்கும் வெளியேதான் பல ஆண்டுகள் நின்றார். அவருடைய இரத்தக் குழாய்கள் தொட்டில் நாளிலிருந்து வைரஸோடு வாழ்ந்தவை. நாற்பது வயதில் தொற்று வந்து ஐம்பதில் பரிசோதனைக்கு வருபவருக்குப் பத்து ஆண்டுப் பாரம். இவருக்கு முப்பது வயதிலேயே முப்பது ஆண்டுப் பாரம். பிறந்த தேதியை மட்டும் பார்த்து "சின்ன வயசு, ஒன்றும் இருக்காது" என்று சொல்வது இவர்கள் விஷயத்தில் தவறு.

பாரம் என்று ஏன் சொல்கிறோம்? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அரசின் இலவச கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வந்தது 2006 நவம்பர் இறுதியில். அதுவரை பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துச் சமாளித்த நிலைதான். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து என்ற கொள்கை 2017-இல்தான் வந்தது. அதாவது 1998-இல் பிறந்த குழந்தைக்கு உரிய மருந்து வரும்போது எட்டு வயது ஆகியிருக்கும். அந்த எட்டு ஆண்டுகளும் வைரஸ் கட்டுப்பாடில்லாமல் பெருகிய ஆண்டுகள். உடல் வளர வேண்டிய வயதில் சளி, பேதி, காசநோய் என்று அடுத்தடுத்து வந்து, பலர் குள்ளமாகவும் மெலிந்தும் வளர்ந்தார்கள். மருந்தே இல்லாத 1990-களில் இதயத் தசை நலிவதும் இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பதும் இந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்பட்டன. மருந்து வந்த பிறகு அவை வெகுவாகக் குறைந்தன. இதை அழுத்திச் சொல்கிறோம். இதயத்துக்கு முதல் பாதுகாப்பு ஏ.ஆர்.டி. மாத்திரைதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மாத்திரை வைரஸை அடக்கிய பிறகும் ஏன் கவலை என்று கேட்கலாம். எச்.ஐ.வி. முதலில் அழிப்பது குடல் சுவரில் காவல் இருக்கும் சிடி4 அணுக்களை. அந்தக் காவல் குறைந்தால் குடலில் உள்ள கிருமிகளின் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கசிகின்றன. அதை எதிர்த்து வெள்ளை அணுக்கள் எப்போதும் கிளர்ந்த நிலையிலேயே இருக்கின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே மெல்லிய அழற்சி அடங்காத கனல் போல இருந்துகொண்டே இருக்கும். அந்தக் கனல் தமனியின் உட்பூச்சைச் சிதைக்கிறது, கொழுப்பு அங்கே படிய இடம் கொடுக்கிறது, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறவியிலேயே தொற்று பெற்ற இளைஞர்களை எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) பார்த்த ஆய்வுகள் பலவற்றில், இதயம் சுருங்குவது சரியாக இருந்தாலும் தளர்ந்து இரத்தத்தை உள்வாங்குவது சற்று மந்தமாக இருப்பது தெரிந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு இன்று எந்தத் தொந்தரவும் இல்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தொந்தரவு வருமுன் பார்க்க நமக்கு நல்ல அவகாசம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

பார்ப்பது என்றால் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு இரத்த அழுத்தக் கருவி, ஒரு தையற்காரர் டேப், வழக்கமாக எடுக்கும் இரத்தத்திலேயே இன்னும் இரண்டு குழாய். ஆனால் இந்த எளிய அளவுகளே இவர்களிடம் தப்பாகப் போகின்றன. எப்படி என்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் இரத்த அழுத்தம். கையில் சுற்றும் பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பை, மேல்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பல மையங்களில் இருப்பது நடுத்தர அளவுப் பட்டை ஒன்றுதான். மெலிந்த கையில் அந்தப் பெரிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சிறு வயதில் வளர்ச்சி குன்றியவர்கள், பழைய மருந்தால் கைகால் கொழுப்பு கரைந்தவர்கள் இவர்களில் நிறைய. அவர்களுடைய 138 நம் கருவியில் 128 ஆகத் தெரிந்து, "நார்மல்" என்று எழுதப்பட்டுவிடுகிறது. சிறு அளவுப் பட்டை ஒன்று ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் இருக்க வேண்டும். குழந்தைகள் பிரிவில் கேட்டால் கிடைக்கும். பருத்த கையில் சிறிய பட்டை போட்டால் இதற்கு நேர்மாறாக, அதிகமாகக் காட்டும். அளக்குமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். கால்கள் தரையில் படிய வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. பஸ் பிடித்து ஓடி வந்து வரிசையில் நின்றவரை உடனே அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டு வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம். 130/80-ஐத் தாண்டினாலே கண் வைக்க வேண்டும்.

அடுத்தது எடை. ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறோம். எடை குறையவில்லை என்றால் திருப்தி அடைகிறோம். எச்.ஐ.வி. சிகிச்சையின் தொடக்க காலத்து மனநிலை அது. ஸ்டாவுடின் என்ற பழைய மருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கன்னம் ஒட்டி, கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளி இருக்கும். எடை 48 கிலோதான், உயரத்துக்குச் சரிதான். ஆனால் கொழுப்பு முழுவதும் குடலையும் கல்லீரலையும் சுற்றி இருக்கிறது. இதயத்துக்குக் கேடு செய்வது அந்தக் கொழுப்பு. எடைக்கருவிக்கு அது தெரியாது, டேப்புக்குத் தெரியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட பின், துணி இல்லாமல் அளக்க வேண்டும். நம் நாட்டவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எடையை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வைத்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எந்தப் பக்கம் போகிறது என்று நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

சர்க்கரையிலும் ஒரு குழி இருக்கிறது. மூன்று மாத சராசரி என்று சொல்லும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை சிவப்பணுக்களின் ஆயுளை நம்பி நடப்பது. சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கும் இரத்தசோகைக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் அணுக்களின் கணக்கு மாறுவதால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். ஆகவே இவர்களுக்கு வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரையை நம்புவதே சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் மறுநாள் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். கொழுப்புப் பரிசோதனையில், டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் ஆய்வகம் கணக்குப் போட்டுக் கொடுக்கும் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) எண் செல்லாது. அப்போது மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பான எச்.டி.எல்.-ஐக் கழித்து வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ஆகியவற்றையும் கூடவே பார்ப்பது நல்லது. சிறுநீரகம் கெட்டால் இரத்த அழுத்தம் ஏறும், டெனோபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும். இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுவது மட்டும் பெரும்பாலும் சிறுநீரகப் பாதிப்பு அல்ல. அந்த மருந்து கிரியாட்டினின் வெளியேறும் வழியை ஓரளவு மறிப்பதால் வருவது.

மருந்துகளைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். முக்கியமானதை மட்டும் சொல்கிறோம். பிறவியில் தொற்று பெற்றவர்களில் பலர் மூன்று, நான்கு கூட்டு மருந்துகளைக் கடந்து வந்தவர்கள். சிறுவயதில் ஸ்டாவுடின் அல்லது சிடோவுடின், பிறகு அபாகாவிர், எஃபாவிரென்ஸ். அது தோற்றபோது லோபினாவிர்-ரிடோனாவிர் அல்லது அட்டாசனாவிர்-ரிடோனாவிர். இப்போது பெரும்பாலோருக்கு டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மி.கி. அடங்கிய ஒரே மாத்திரை. லோபினாவிர் டிரைகிளிசரைடை ஏற்றும். எஃபாவிரென்ஸும் கொழுப்பைக் கூட்டும். அபாகாவிருக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதை 2008 முதல் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதய நோய் உள்ளவர்களுக்கோ வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கோ வேறு மருந்து இருந்தால் அபாகாவிரைத் தவிர்ப்பது நல்லது. டொலுடெக்ராவிர் கொழுப்புக்கு நல்ல பிள்ளை, ஆனால் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எடை கூடுகிறது. இவற்றில் எதற்காகவும் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. 5,472 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், சிடி4 நன்றாக இருக்கிறதே என்று இடையிடையே மருந்தை நிறுத்தியவர்களிடம்தான் இறப்பும் இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் அதிகம் வந்தன. மாத்திரையால் இதயத்துக்கு வரும் கெடுதல், மாத்திரையை விட்டால் வரும் கெடுதலுக்குப் பக்கத்தில்கூட நிற்காது.

பிரச்சினை பெரும்பாலும் எழுவது இரண்டு மருத்துவர்களுக்கு நடுவில். ஏ.ஆர்.டி. மையம் ஒரு கட்டடத்தில், பி.பி.-சுகர் மாத்திரை கொடுக்கும் இடம் இன்னொரு கட்டடத்தில். இங்கே கடலூரில் பதிவு, அங்கே கோரிமேட்டில் ஜிப்மர் இதயப் பிரிவில் சீட்டு. ஒருவர் எழுதும் மாத்திரை மற்றவருக்குத் தெரிவதில்லை. ரிடோனாவிர் சேர்ந்த மருந்து எடுப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை கொடுத்தால் அது இரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசையை உருக்கும், கொடுக்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் என்றால் மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் 2.5 மி.கி.யில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கித் தலை சுற்றும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் புளுட்டிகசோன், புடெசொனைடு, மூட்டில் போடும் டிரையம்சினலோன் ஊசி ஆகியவை ரிடோனாவிரோடு சேர்ந்தால் முகம் ஊதி, சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். டொலுடெக்ராவிர் எடுப்பவருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் ஒரு நாளைக்கு 1,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தை டொலுடெக்ராவிரோடு சேர்த்துக் குடித்தால் ஏ.ஆர்.டி. வேலை செய்யாமல் போகும். டொலுடெக்ராவிர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அந்த மருந்தைக் குடிக்கலாம்; அதை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்தே டொலுடெக்ராவிர் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே விதிதான், ஆனால் அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து டொலுடெக்ராவிருடன் ஒன்றாகப் போடலாம். கர்ப்பிணிகளுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும், ஏனென்றால் இரும்பும் கால்சியமும் அவர்களுக்குத்தான் தினமும் தரப்படுகின்றன. மருந்துக் கடையில் சொல்லக் கூச்சப்பட்டு வாங்கும் ஆண்மைக் குறைவு மாத்திரையான சில்டெனாபில் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ரிடோனாவிர் எடுப்பவருக்கு 48 மணி நேரத்தில் 25 மி.கி.க்கு மேல் ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது ஒருபோதும் சேரக் கூடாது.

இதற்கெல்லாம் மருந்து ஒன்று உண்டு. அது ஒரு தாள். எந்த ஆண்டில் ஏ.ஆர்.டி. தொடங்கியது, எந்தெந்த மருந்து எப்போது மாறியது, மிகக் குறைந்த சிடி4 எவ்வளவு, கடைசி வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) என்ன, காசநோய் வந்ததா, தாய் தந்தைக்கு இதய நோய் இருந்ததா என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஏ.ஆர்.டி. நோட்டின் உள்அட்டையில் ஒட்டிவிட வேண்டும். கைப்பேசியில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பலரைப் பாட்டியோ சித்தியோ வளர்த்தார்கள். குழந்தைப் பருவத்துக் காகிதங்கள் வீடு மாறியதிலும் வெள்ளத்திலும் போயிருக்கும். மையத்தில் இருக்கும் பழைய பதிவேட்டிலிருந்து அந்த விவரத்தை எடுத்துக் கொடுப்பது அரை மணி நேர வேலை. பெற்றோர் என்ன நோயால் இறந்தார்கள் என்பதே தெரியாத இளைஞர்கள் இருக்கிறார்கள். "எய்ட்ஸில் போனார்கள்" என்பதோடு வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு 38 வயதில் நெஞ்சுவலி வந்ததா என்று பெரியப்பாவிடமோ அத்தையிடமோ கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 65 வயதுக்கு முன் வந்த இதய நோய் குடும்பத்தில் இருந்தால் அது கணக்கில் வரும்.

கொழுப்பு மாத்திரையை யாருக்குத் தொடங்குவது? 40-ஐத் தாண்டியவர்களுக்கு ரிப்ரீவ் ஆய்வு வழிகாட்டிவிட்டது. அதற்குக் கீழே எல்லோருக்கும் கொடு என்று சொல்லத் தேவையான ஆய்வு இன்னும் நடக்கவில்லை. எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் வயது பார்க்காமல் தொடங்க வேண்டும். சர்க்கரை நோய், புகை, குடும்ப வரலாறு, சிறுநீரகப் பாதிப்பு என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்தால் மருத்துவர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்ணிடம் அதை முதலில் கேட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும் ஆண்டுதோறும் எல்லோருக்கும் தேவை என்று நாங்கள் சொல்லவில்லை. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது, 18 வயதை ஒட்டி ஒரு முறை இரண்டையும் எடுத்து வைத்தால் பின்னாளில் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும் என்பது எங்கள் கருத்து. கர்ப்பம் உறுதியானதும் எக்கோ ஒன்று அவசியம். பிள்ளைப்பேறு இதயத்தின் மேல் பெரிய பாரம். பழைய தசை நலிவு அப்போதுதான் வெளியே வரும். பல மருந்தை எதிர்க்கும் காசநோய்க்குப் பெடாகுவிலின் தொடங்குபவர்களுக்கு ஈ.சி.ஜி. கட்டாயம் பார்க்க வேண்டும். எஃபாவிரென்ஸில் இன்னும் இருப்பவர்கள் அடிக்கடி மயங்கினால் அது இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம், அதைச் சத்துக்குறைவு என்று விடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊருக்குக் குறையொன்றும் இல்லை, பழக்கத்தில்தான் குறை. மெலிந்த பிள்ளை தேறட்டும் என்று வீட்டில் பாசத்தோடு ஊட்டிய நெய்யும் முட்டையும் பொரித்ததும் அன்று சரி. இருபத்தைந்து வயதில் வயிறு வைத்த பிறகும் அதே தொடர்கிறது. உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் விழுந்தால் அதிலேயே அந்த அளவு தீர்ந்துவிடும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், எந்த எண்ணெயாக இருந்தாலும். துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் குழம்பில் போட்டால் இதயத்துக்கு நல்லவை, வறுத்தால் அந்த நன்மை எண்ணெயில் போய்விடும். பண்ருட்டி முந்திரி வறுக்காமல், உப்பில்லாமல் ஒரு சின்னக் கைப்பிடி போதும். நடை வாரத்துக்கு 150 நிமிடம். தேவனாம்பட்டினம் மணலும் புதுச்சேரியில் மாலையில் வண்டி ஓடாத கடற்கரைச் சாலையும் காசு கேட்பதில்லை.

புகையை மட்டும் இப்படி ஒரு வரியில் தள்ள முடியாது. வைரஸ் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவருக்குப் பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை ஆகியவைதான் கையால் எடுத்து எறியக்கூடிய மிகப் பெரிய காரணம். ஏ.ஆர்.டி. ஆலோசகர் ஒவ்வொரு முறையும் "மாத்திரை தவறினதா" என்று கேட்பதோடு "புகை உண்டா" என்றும் கேட்க வேண்டும். மதுவும் அப்படித்தான். எல்லை தாண்டினால் மலிவு என்பது இந்தப் பகுதியின் துயரம். குடித்த இரவுகளில் மாத்திரை தவறுகிறது, டிரைகிளிசரைடு ஏறுகிறது. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் டொலுடெக்ராவிர் மாத்திரையைக் காலை டிபனோடு மாற்றிக்கொள்ளலாம். நேரம் எதுவானாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

அவசர நேரம் பற்றி. இருபத்தெட்டு வயதுக்காரர் நெஞ்சை அழுத்துகிறது என்று வந்தால் "கேஸ்" என்று ஊசி போட்டு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சிரைப்பு இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்; மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நோயாளி பிறவியிலேயே எச்.ஐ.வி. உள்ளவர் என்றால் வயது ஒரு காரணமாகாது. தமிழ்நாட்டில் 2023 ஜூன் மாதம் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8 என 14 மாத்திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. குறிஞ்சிப்பாடியிலோ விருத்தாசலத்திலோ ஒரு கிராமத்தில் இருப்பவருக்கு அது உயிர். ஏ.ஆர்.டி. எடுக்கிறேனே என்று அதை மறுக்க வேண்டாம். ஆனால் அடுத்து போய்ச் சேரும் மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. நோட்டைக் காட்ட வேண்டும். ரிடோனாவிர் இருந்தால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் முழுப் பலன் தராது, அதே வகையைச் சேர்ந்த டிகாகிரெலார் கொடுக்கக் கூடாது. பிராசுகிரெல் பொருந்துமா என்று இதய மருத்துவர் அங்கேயே முடிவெடுப்பார். பல நாள்களாக மெல்ல மெல்ல மூச்சிரைத்து, கால் வீங்கி, படுக்க முடியாமல் தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்குபவருக்கு மாரடைப்பைவிட வேறு ஒன்றை நினைக்க வேண்டும். இதயத் தசை நலிவாக இருக்கலாம், காசநோயால் இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்திருக்கலாம். எக்கோவில் இரண்டும் தெரியும், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

நோட்டைக் காட்டினால் ஆஞ்சியோ செய்ய மாட்டார்கள் என்ற பயம் நியாயமானது, ஏனென்றால் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அதை வெளியே சொல்வதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. எல்லா நோயாளிகளுக்கும் எடுக்கும் அதே பாதுகாப்பு முறை இவருக்கும் போதும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு அரசுகளின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களிடமும் நாங்கள் கேட்பது சிறிய விஷயம். ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் ஆலோசகர் மேசையில் இரண்டு அளவுப் பட்டையோடு ஓர் இரத்த அழுத்தக் கருவியும் ஒரு டேப்பும் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை வைரல் லோடுக்கு இரத்தம் எடுக்கும் அதே நாளில், வெறும் வயிற்றில் வரச் சொல்லி, சர்க்கரையும் கொழுப்பும் சிறுநீரகமும் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு நாள் கூலியை அவர்கள் இழக்க வேண்டாம். பிறவியில் தொற்று பெற்றவர்களுக்கு இதை 30 வயதில் அல்ல, 18 வயதில் தொடங்குங்கள். பி.பி., சுகர், கொழுப்பு மாத்திரைகளை ஏ.ஆர்.டி. மாத்திரையோடு அதே ஜன்னலில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். இன்னொரு வரிசையில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் நிற்க அஞ்சித்தான் பலர் அந்த மாத்திரைகளை வாங்காமலே போகிறார்கள்.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும் நாளில் காலையில் சாப்பிடாமல் போங்கள், தண்ணீர் மட்டும் குடியுங்கள், கையில் இட்லிப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர்.டி. மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுவிடுங்கள், இரத்தம் கொடுக்கும்வரை அதை ஒத்திப்போட வேண்டாம். மருத்துவரிடம் "என் பி.பி. எவ்வளவு, என் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, கொழுப்பு கடைசியாக எப்போது பார்த்தீர்கள்" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை நோட்டில் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி. சிகிச்சையிலும் ஆலோசனையிலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள்,
கடலூர்.